ஒசாகாவில் இரண்டு ஏக்கர்

காணிக் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் காணி உத்தியோகத்தராக இருந்தவளிடம் நல்ல வார்த்தை மிச்சம் இருக்கும் என்று எப்படி நம்பினீர்களோ தெரியாது. எந்தப் படிவத்தை எந்த நிறக் கோவையில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். சுற்றறிக்கைகளையும் நீங்கள் என்னைவிட நன்றாகவே பாடமாக்கி வைத்திருப்பீர்கள். ஆகையால் ஒரே ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன். அந்தச் சொல் "ஓம்."

சிரிக்காதீர்கள். வீட்டில் ஓம் என்றால் ஆம்தான். அலுவலகத்தில் அப்படியல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஓம், கேட்கவில்லை ஆனால் கேட்கிற மாதிரி இருக்கிறேன் என்பதற்கும் ஓம். போயிட்டு வாங்கோ என்பதற்கு "ஓம் ஓம்" என்று இரண்டு தரம். என் சேவைக் காலத்தில் நான் வாரி வழங்கிய ஓம்களில் முக்கால்வாசி இந்தக் கடைசி வகைதான். அதில் ஒன்று ஒரு பெண்ணின் இரண்டு ஏக்கரைக் கிட்டத்தட்ட விழுங்கப் பார்த்தது.

எங்கள் பிரதேச செயலகத்துக்குப் புதுக் கட்டடம் திறந்த வருடம் அது. தண்ணீரூற்றுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சித்திர ரீச்சர், ஓய்வு பெற்றவர், திறப்பு விழாவுக்குத் தன் கையால் கீறிய படம் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். கதவுப் பலகை அகலத்தில் பெரிய படம். ஆள் இல்லை, மரம் இல்லை, மயில் இல்லை. முழுக்கச் சதுரமும் நீள்சதுரமும் முக்கோணமும்தான். மஞ்சள் கட்டங்கள், மண்ணிறக் கட்டங்கள், அவற்றுக்கிடையில் நீளமாக ஓடும் நீலக் கோடுகள், அங்கங்கே பளிச்சென்று சிவப்பு முக்கோணங்கள்.

ரீச்சரின் தகப்பன் வானொலிப் பெட்டி திருத்துகிறவர். எழுபதாம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியைப் பற்றிய ஒரு படப் புத்தகம் எப்படியோ அவர் கையில் கிடைத்திருக்கிறது. அதில் முக்கோண முக்கோணமாகக் குழாய்களைப் பொருத்திக் கட்டிய பிரமாண்டமான கூரை ஒன்றைப் பார்த்துப் பார்த்துத்தான் ரீச்சருக்குச் சித்திரப் பித்துப் பிடித்ததாம். இடம்பெயர்ந்த காலத்தில் புத்தகம் போய்விட்டது. கூரை மட்டும் மனதில் தங்கிவிட்டது. "அந்தக் கண்காட்சியை மேலயிருந்து பாத்தா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுக் கீறினனான்," என்று விழாவில் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். விளங்கித்தான் தட்டினோம் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பிறகு படத்தை எங்கே மாட்டுவது என்ற பிரச்சினை வந்தது. அப்போதிருந்த பிரதேச செயலாளர், அவரை எல்லோரும் டி.எஸ் என்போம், வயதில் இளையவர், எதையும் நின்ற நிலையில் முடிக்க வேண்டும் அவருக்கு. காணிக் கிளைக்குள் வந்து சுவரைப் பார்த்தார்.

"மிஸ், இந்த ஆணி நல்ல பலமாத் தெரியுது. இதிலயே கொழுவுவம்."

"சேர், அது பிளான் கொழுவுற ஆணி."

"பிளான் திரும்பி வர மாத்துவம்."

விசுவமடுப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தின் வரைபடம், ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் கட்டம் போட்டு இலக்கம் எழுதிய பெரிய படம், அதுவரை அந்த இடத்தில்தான் தொங்கியது. கிழிந்துபோனதால் பிரதி எடுக்க நில அளவைக்காரரிடம் அனுப்பியிருந்தோம். வெறும் ஆணிதான் நின்றது. அந்த ஆணியில் ஒசாகா ஏறியது. படத்துக்குக் கீழே இது இன்ன படம் என்று ஒரு சிறு பலகை வைக்க வேண்டும் என்பதும் முடிவானது. அரச அலுவலகமாயிற்றே, பலகை மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். எழுதி மொழிபெயர்ப்புக்கு அனுப்பினோம். அது போனது போனதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரீச்சரின் கையெழுத்து மேல் மூலையில் இருந்தது. பெயரின் முதல் எழுத்தை நீட்டி நிமிர்த்தி ஒரு அம்பு மாதிரி வைப்பது அவர் வழக்கம். பார்த்தால் வரைபடத்தில் வடக்குத் திசை காட்டும் குறி போலவே இருந்தது.

இனி அந்த இரண்டு ஏக்கருக்கு வருகிறேன். மூன்றாம் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது அந்தக் காணி. திட்டம் தொடங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒரு நாள்கூட வந்து குடியிருக்கவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தக் காட்டை வெட்டி வெளியாக்கி நெல் விதைத்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் லெட்சுமி. வரும்போது பத்து வயதுப் பிள்ளை. நான் அறிந்தபோது பேரப்பிள்ளை கண்டவர். நாற்பது வருடத்துக்குக் கிட்ட அந்த மண்ணில் உழைத்தும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. எத்தனையோ விண்ணப்பம் போட்டிருக்கிறார். இறுதி யுத்தத்தில் எங்கள் பழைய கந்தோர்க் கட்டடத்தோடு அவையும் போய்விட்டன.

எதிர்ப்பக்கத்தில் ஒரு மில் முதலாளி. மெயின் ரோட்டில் நெல் குத்தும் மில் வைத்திருந்தவர். முதல் அனுமதிப்பத்திரக்காரர் முதலாளியின் தகப்பனுக்கு அந்தக் காணியை எழுதிக் கொடுத்ததாக ஒரு கடிதம் வைத்திருந்தார். தாங்கள்தான் இருபது வருடம் அதில் கமம் செய்ததாகவும், லெட்சுமியின் ஆட்கள் தங்கள் காணியில் கூலிக்கு நின்றவர்கள் என்றும் சொன்னார். வழக்குத் தீர்ந்து காணி அவர் பக்கம் போனால் லெட்சுமி குடும்பம் வீட்டையும் விட்டு ரோட்டுக்குத்தான் வரவேண்டும்.

இங்கே என் வெட்கத்தையும் எழுத வேண்டும். எனக்கு மில் முதலாளியின் கதைதான் முதலில் நம்பும்படி இருந்தது. ஏன் என்று இப்போது தெரியும். என் பெற்றாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவரும் அப்படியே. அவர் "ஓம் மிஸ்" என்று கதைத்தார், வீட்டில் என் தமையன் கதைக்கிறது போல. லெட்சுமி "ஆமாங்க மிஸ்" என்று கதைத்தார். முதலாளி வந்தால் கதிரையைக் காட்டினேன். லெட்சுமி வந்தால் கடதாசி எங்கே என்று கேட்டேன். சட்டம் பிழையாக எழுதப்பட்டிருந்தால் திருத்தலாம், நமக்குள் இருக்கும் இந்தச் சாய்வை யார் வந்து திருத்துவது?

ஒருநாள் காலை. மாவட்டச் செயலகத்திலிருந்து அவசரமாகக் கேட்ட ஒரு பழைய கடிதத்தைத் தேடி ஒரு தடித்த கோவைக்குள் தலையைப் புதைத்திருக்கிறேன். மில் முதலாளி வந்து சுவரருகே நின்றார்.

"மிஸ், இது புதுப் பிளானோ?"

"ஓம் ஓம்."

"எங்கட மூண்டாம் வாய்க்கால் பக்கமும் இதுக்குள்ள வருமோ?"

"ஓம் ஓம், எல்லாம் வரும்."

தலையை நிமிர்த்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கைபேசியில் படம் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஒருதரம் இல்லை, மூன்று நாலு தரம். ரசனையுள்ள மனிசன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடதாசியைப் புரட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. வேறு அலுவலாக வருகிற கமக்காரர்களும் காணிக் கிளைக்குள் எட்டிப் பார்த்து, படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றார்கள். விரலால் கோடு கோடாகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் "நீலத்துக்குக் கிட்ட வந்தா நல்லம்," என்றார். மற்றவர் பெருமூச்சு விட்டு, "சிவப்புத்தான் கரைச்சல்," என்றார். எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது. கலையைப் பற்றி நம் சனத்துக்கு இவ்வளவு ஞானமா என்று அன்று பின்னேரமே ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"உங்கட படத்தை ஒவ்வொரு நிறமாப் பாத்துக் கதைக்கினம் ரீச்சர்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரீச்சர் அழுகிறார் என்று விளங்கியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் அந்தக் கட்டடத்தில் அன்று வேறு யாரும் இல்லை.

லெட்சுமியும் ஒருநாள் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "என்னம்மா வேணும்?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் பார்த்ததற்கும் அவர் பார்த்ததற்கும் வித்தியாசம் இருந்தது. அது என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

காணிக் கச்சேரிக்கு நாள் குறித்தோம். நீங்களும் இனி நடத்தப் போகிறீர்கள், ஆகையால் தெரிந்துகொள்ளுங்கள். ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னிலையிலும் உரிமை கோருகிறவர்களை விசாரித்து, சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கையெழுத்து வாங்குகிற நாள் அது. பதிவேடுகள் அழிந்துபோன இடத்தில் நாங்கள் பிடித்துக்கொள்ளும் ஒரே கொம்பு, நாலு எல்லை. வடக்கே என்ன, கிழக்கே என்ன, தெற்கே என்ன, மேற்கே என்ன என்று கேட்போம். மண்ணில் கால் வைத்தவன் யோசிக்காமல் சொல்வான்.

பொதுநோக்கு மண்டபத்தில் காலையிலேயே சனம் நிறைந்துவிட்டது. டி.எஸ் நடுவில், நான் பக்கத்தில், எழுதும் புத்தகம் என் கையில். லெட்சுமியின் பெயரை முதலில் கூப்பிட்டேன்.

"லெட்சுமி அக்கா, உங்கட உரித்தைச் சொல்லுங்கோ."

அவர் எழுந்து நின்றார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னத்தங்க சொல்ல? அதான் பிளான் போட்டு ஆபீசுல தொங்கவிட்டாச்சே."

டி.எஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். "உரிமை கோரேல்லை எண்டு எழுதுங்கோ மிஸ். இன்னும் கனபேர் இருக்கினம்."

"பொறுங்கோ சேர். எந்தப் பிளான் அக்கா?"

"கலர் கலரா அடிச்சிருக்கீங்களே, அதுதாங்க. மேல கீழ எல்லாம் பாத்தேன். எங்க எடம் அதுல எங்கயுமே இல்லீங்க."

பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக வந்து தலையில் விழுந்தன. நீலத்துக்குக் கிட்ட வந்தால் நல்லம். தண்ணீர் வாய்க்கால்! சிவப்புத்தான் கரைச்சல். நம் பக்கத்தில் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? மிதிவெடி! அத்தனை பேரும் நின்று பார்த்தது சித்திரத்தை அல்ல, தங்கள் காணியை. அதோடு அந்த "ஓம் ஓம்" என் காதில் எனக்கே கேட்டது. முன்வரிசையில் மில் முதலாளி கைபேசியை மடியில் வைத்தபடி தெம்பாக உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களுக்கு எழுத வேண்டியது இருக்கிறது. நான் வாயைத் திறந்து "அது பிளான் இல்லை, படம்" என்று சொன்னால் லெட்சுமிக்கு உயிர் வரும், ஆனால் மில் முதலாளியும் உஷாராகிவிடுவார். அவர் அதிலிருந்து பாடமாக்கியிருக்கிறாரா இல்லையா என்பது பிறகு ஒருநாளும் தெரியாது. சொல்லாமல் இருந்தால் லெட்சுமி உரிமை கோரவில்லை என்று டி.எஸ் எழுதச் சொல்கிறார். எழுதினால் முடிந்தது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்தான் எனக்கு இருந்தது. தண்ணீரைக் குடித்தேன்.

"சேர், கடதாசி வைச்சிருக்கிறவரைத்தான் முதல் விசாரிக்க வேணும். சுற்றறிக்கை இருக்குது."

"எந்தச் சுற்றறிக்கை?"

"பழசு சேர்."

அப்படி ஒரு சுற்றறிக்கை கிடையாது. தேடாதீர்கள். லெட்சுமியிடம், "இருங்கோ அக்கா, இன்னும் ஒண்டும் எழுதேல்லை," என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு மில் முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அமர்ந்தார்.

"எல்லையைச் சொல்லுங்கோ ஐயா. ஆறுதலாச் சொல்லுங்கோ, எழுத வேணும்."

"வடக்கே முக்கோணத் துண்டு. மிதிவெடி எடுக்காத இடம், சிவப்பு அடிச்சுக் கிடக்குது."

"வடக்கே முக்கோணம்," என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். லெட்சுமி காணிக்கு வடக்குப் பக்கத்துக் காணிக்காரர் அவர்.

"என்ர வளவுக்க மிதிவெடியோ? நேற்றும் அதுக்கதானே மாடு கட்டினனான்!"

"இருங்கோ அப்பு, அவர் சொல்லி முடிக்கட்டும். கிழக்கே?"

"கிழக்கே ரெண்டு வாய்க்கால். ஒண்டை ஒண்டு குறுக்கறுத்துப் போகுது."

சபையில் சலசலப்பு. வாய்க்காலுக்கு மேலால் வாய்க்கால் எப்படிப் போகும் என்று யாரோ கேட்டார்கள். மில் முதலாளி திரும்பியும் பார்க்கவில்லை.

"தெற்கே?"

"தெற்கே மூண்டு மஞ்சள் துண்டு, ஒரே அளவு. மேற்கே கறுப்பா ஒரு தார் ரோட்டு, வளைவே இல்லாமல் நேரா."

மூன்றாம் வாய்க்கால் பக்கம் அந்த நாளில் தார் என்பதை மருந்துக்குக்கூடக் கண்டவர் இல்லை. டி.எஸ் தலை நிமிர்ந்தார். திறப்பு விழாவில் ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்து விளக்கம் கேட்டவர் அவர்தானே. "முக்கோணமா?" என்று மெல்ல இழுத்தார். மேசைக்குக் கீழே என் கால் அவர் சப்பாத்தை மிதித்தது. அரச சேவையில் மேலதிகாரியை மிதித்தது அந்த ஒருதரம்தான்.

"ஐயா, இந்த எல்லையள் எவ்வளவு காலமா இப்பிடி இருக்குது?"

"எங்கட அப்பா காலம் தொட்டு இதுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் காணியில நடப்பன்."

"மிதிவெடிக்குப் பக்கத்தாலயோ?" என்று வடக்குக் காணிக் கிழவர் கேட்டார். சபை சிரித்தது.

நான் எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். சரி என்றார். கையெழுத்து வைத்தார், நல்ல அழகான கையெழுத்து. அதன்பிறகு, கைபேசியில் ஏதும் படம் இருந்தால் டி.எஸ்ஸுக்குக் காட்டலாமே என்று பணிவாகக் கேட்டேன். பெருமையோடு எடுத்து நீட்டினார். டி.எஸ் பார்த்தார். உதட்டைக் கடித்தார். முகத்தைத் துடைக்கிற சாட்டில் கைலேஞ்சிக்குள் ஒளிந்துகொண்டார். சற்று நேரம் கழித்து வெளியே வந்து சொன்னார்:

"ஐயா, இது ஜப்பான்."

"என்ன சேர்?"

"ஒசாகா எண்ட ஊர். அங்க நடந்த உலகக் கண்காட்சியை நினைச்சு ஒரு ரீச்சர் கீறின படம் இது. பிளான் இல்லை."

வடக்குக் காணிக் கிழவர்தான் முதலில் கேட்டார்: "அப்ப இவரின்ர ரெண்டு ஏக்கரும் ஜப்பானிலயோ கிடக்குது?"

அன்று அந்த மண்டபக் கூரை இடிந்து விழாதது எங்கள் ஒப்பந்தகாரரின் புண்ணியம். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மிதிவெடி இல்லை என்ற ஆறுதலும் அந்தச் சிரிப்பில் இருந்தது. மில் முதலாளி எழுந்து நின்று என்னைக் கைகாட்டினார்.

"இந்த மிஸ்தான் அது புதுப் பிளான் எண்டு சொன்னவா! நான் கேட்டனான், ஓம் ஓம் எண்டவா!"

சிரிப்பு அறுந்தது. எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பின. எனக்குப் பயம் வந்தது, உண்மையைச் சொன்னால் நன்றாகவே பயம் வந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் அவரிடம் சாட்சி இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த மண்டபத்தில் பொய் சொன்னவர்கள் இரண்டு பேராகிவிடுவோம்.

"ஓம், சொன்னனான். தலை நிமிராமல் சொன்னனான். அது என்ர பிழை, எழுதிக்கொள்ளுங்கோ சேர்," என்றேன். பிறகு மில் முதலாளியைப் பார்த்தேன். "ஆனா ஐயா, அப்பா காலம் தொட்டு இருபது வருசம் செய்த காணி எங்க கிடக்குது எண்டு சுவரில பாத்துப் பாடமாக்கினது ஆர்?"

கந்தோரில் பார்த்துத்தான் எல்லை சொன்னேன் என்று அவர் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டாரே. கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

லெட்சுமியை மறுபடி கூப்பிட்டேன். இப்போது முந்தானையை விட்டுவிட்டார்.

"வடக்கால இந்தத் தாத்தாவோட வேலிங்க. கிழக்கால வாய்க்கா, மூணாவது மதகுல தொறந்தா மொதல்ல எங்களுக்குத்தான் தண்ணி. மேக்கால ரெண்டு பாலை மரம் இருந்திச்சு, ஒண்ணு சண்டையில செல்லு விழுந்து போச்சுங்க, அடி மட்டும் நிக்குது. தெக்கால..." என்று நிறுத்தினார். "தெக்கால எங்கப்பாவ பொதைச்ச எடம்."

டி.எஸ் என்னைப் பாராமல் தானே பேனாவை எடுத்து எழுதினார். அடுத்த நாளே போய்ப் பார்த்தோம். மதகும் பாலை அடியும் அவர் சொன்ன இடத்தில் இருந்தன. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

அதன்பிறகு உண்மையைச் சொல்ல ரீச்சர் வீட்டுக்குப் போனேன். சனம் நின்று பார்த்ததன் இரகசியத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்றுவிட்டது.

"நாப்பது வருசமாக் கீறுறன் பிள்ளை. ஒருத்தரும் என்ர படத்தை நம்பி ஒரு காணிகூடக் கேட்டதில்லை!"

மில் முதலாளி சும்மா இருக்கவில்லை. உத்தியோகத்தர் தன்னைத் தவறாக வழிநடத்தியதாக மேலிடத்துக்கு எழுதினார். என்னிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு ஓம் உட்பட எதையும் மறைக்காமல் பதில் எழுதினேன். "சுவரில் தொங்கிய சித்திரம் தொடர்பான கவனயீனம்" என்று ஒரு எச்சரிக்கை என் சுயவிவரக் கோவையில் ஏறியது. அந்தக் கறையோடுதான் ஓய்வு பெற்றேன். எனக்கு அதில் கவலை இல்லை. நான் மெய்யாகச் செய்த பிழை, கதைக்கிற தமிழைப் பார்த்து ஆளை எடை போட்டது. அதற்கு எந்தப் படிவத்திலும் விளக்கம் கேட்க இடமில்லை, ஆகையால் உங்களிடம் எழுதி வைக்கிறேன்.

பொறி வைத்துப் பிடித்தீர்களா மிஸ் என்று உங்களில் யாராவது கேட்கலாம். பொறி வைக்கவில்லை. பத்து நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் வாயைப் பொத்துவதற்கு முன் உரிமையிழக்க இருந்தவளைப் பாதுகாப்பாக உட்கார வைத்தேன். ஒழுங்கு மாறக் கூடாது.

அனுமதிப்பத்திரம் வர ஒன்றரை வருடம் எடுத்தது. லெட்சுமி கையெழுத்து வைக்க வந்தார். பத்திரத்தோடு காணியின் சிறு வரைபடம் இணைத்திருக்கும், உங்களுக்குத் தெரியும், நாலு கோடு, நடுவில் ஒரு இலக்கம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டுத்தாங்களா மிஸ்?"

"அளவு சரியாத்தான் இருக்குது அக்கா."

"அளவு சரிங்க. கெணறு இல்லியே."

"கிணறெல்லாம் இதில போடுறதில்லை."

"அப்பா வெட்டுனாரு. நானும் அம்மாவும் மண்ண இழுத்துப் போட்டோம். எடம்பேந்து போயிட்டுத் திரும்பி வந்தப்போ வீடு இல்ல, ஒண்ணும் இல்ல, அதுதான் இருந்திச்சு." சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த நீலப் பேனாவை எடுத்தார். வரைபடத்தின் ஒரு மூலைக்கு அருகே சின்னதாக ஒரு வட்டம் போட்டார். தன் பிரதியில் போட்டுவிட்டு, கந்தோர்ப் பிரதியை இழுத்து அதிலும் போட்டார். அரச ஆவணத்தில் கீறுவது குற்றம். நான் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வேப்பமரத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கியதும் அந்த மரத்தைப் பார்த்துத்தான்.

அந்தக் கோவை இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கிறது. கணக்காய்வுக்கு வருகிறவர்கள் இந்த வட்டத்தை யார் போட்டது என்று ஒருநாள் கட்டாயம் கேட்பார்கள். அழித்துவிடாதீர்கள். ஓய்வு பெற்ற மறுநாள் நானே அளவு நாடா எடுத்துக்கொண்டு போய் வடக்கு வேலியிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் அளந்து பார்த்தேன். கிணறு அவர் வட்டம் போட்ட இடத்தில்தான் இருக்கிறது.